தில்லுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் இல்லை

"தில்லு இருந்தா இறங்குடா!"

மலையில் சைக்கிள் ஓட்டுகிற எந்தக் கோஷ்டியிலும் இந்த வாக்கியம் கட்டாயம் இருக்கும். ஹெல்மெட்டை மறந்துவிட்டு வருவார்கள். பஞ்சர் கிட்டை மறந்துவிட்டு வருவார்கள். இதை மட்டும் யாரும் வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஓரமாகப் பார்த்துவிட்டு, கல்வராயன் மலை ஏறுகிற பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. முடியாதவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். மற்றவர்கள் வளைவில் காத்திருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். அதே கோஷ்டி, அதே மலை, வெள்ளிமலையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது மட்டும் குணம் மாறிவிடுகிறது. இறக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கினால் கோழை! ஏற்றத்தில் தள்ளினால் கால் வலி, இறக்கத்தில் தள்ளினால் மானக்கேடு. இது என்ன கணக்கு?

விஷயம் இதுதான். ஒரு இறக்கம் ஒருவருடைய திறமைக்குப் பொருந்துமா இல்லையா என்பதைத் தைரியத்தை வைத்து அளக்கவே முடியாது. வேண்டிய இடத்தில் நிறுத்த முடியுமா, அதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் "முடியும்" என்று பதில் வந்தால் அந்தப் பாதை அவருக்கு உரியது. இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இனி கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரம். நீலகிரி மாதிரி பிரம்மாண்டம் கிடையாது. "சின்ன மலைதானே" என்று சூரப்புலிகள் அலட்சியமாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் ஓர் இறக்கத்தின் ஆபத்துக்கும் மலையின் மொத்த உயரத்துக்கும் தொடர்பு குறைவு. பத்தடி உயரப் பாறையிலிருந்து தலைகுப்புற விழுகிறவருக்கு, அந்தப் பாறை 2500 அடியில் இருந்தால் என்ன, 8000 அடியில் இருந்தால் என்ன?

இங்கே இறங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, கொண்டை ஊசி வளைவுகளோடு வருகிற தார்ச்சாலை. மற்றது, ஊருக்கும் ஊருக்கும் நடுவே, வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிற மண் பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளும். (காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே தப்பு. அதனால் அந்தப் பாதைகள் இந்தக் கணக்கில் வராது.) இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஒற்றையடிப் பாதைகள் சாலைகளுக்கு முந்தியவை. தலையில் சுமையோடு வெறுங்காலில் நடக்கிறவர்களுக்காக உண்டான பாதைகள் அவை. சக்கரத்தை மனதில் வைத்து யாரும் போட்டதில்லை. திடீரென்று படி மாதிரி இறங்கும். மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் குறுக்கே வரும். பாதை என்று நினைத்தது சட்டென்று உருட்டைக் கல் குவியலாகிவிடும்.

முக்கியமான விஷயம், போர்டு கிடையாது. வெளிநாட்டு மலைச் சைக்கிள் பூங்காக்களில் பாதை தொடங்குகிற இடத்திலேயே குறியீடு இருக்கும். பச்சை வட்டம் என்றால் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் கை தேர்ந்தவர்களுக்கு மட்டும். பனிச்சறுக்குப் பாதைகளில் இருந்து வந்த பழக்கம் இது. தமிழ்நாட்டில் நடந்து போகிறவர்களுக்கு இந்த மாதிரி ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கல்வராயனில் சைக்கிள்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. பாதைக்கு மார்க் போட வேண்டியவர் இறங்கப் போகிறவரேதான்.

மார்க் போடுவது அவ்வளவு கஷ்டமா? சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் அளவுகோலில் ஒரு பகுதியைப் பாருங்கள். பச்சைப் பாதையில் தவிர்க்க முடியாத தடை, அதாவது கல்லோ வேரோ படியோ, 2 அங்குலத்துக்கு மேல் இருக்காது. நீலத்தில் 8 அங்குலம் வரை. கறுப்பில் 15 அங்குலம் வரை. அதற்கும் மேல் போனால் இரட்டைக் கறுப்பு. ஒரு சாண் என்பது ஏறக்குறைய 9 அங்குலம், ஒரு முழம் 18 அங்குலம். ஆக, பாதையில் குறுக்கே நிற்கிற கல் ஒரு சாணைத் தாண்டினாலே அது கறுப்புப் பாதை. முழத்தை எட்டினால் இரட்டைக் கறுப்பு. சரிவுக்கும் கணக்கு உண்டு. பச்சைப் பாதையின் சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நூறு அடி நடந்தால் ஐந்து அடிக்கு மேல் இறங்கக் கூடாது. இரட்டைக் கறுப்பில் சராசரியே 20 சதவீதம், அதற்கு மேலும் போகும். கையில் சாணும் காலில் அடியும் இருக்கிற எவரும் அரை மணி நேரத்தில் ஒரு பாதைக்கு உத்தேசமாக மார்க் போட்டுவிடலாம். அந்த அரை மணி நேரத்தைத்தான் சூரப்புலி செலவழிக்க மாட்டேன் என்கிறார்.

அடுத்து பிரேக். பள்ளிக்கூட இயற்பியல் போதும். சைக்கிளும் ஆளும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 1500 அடி இறங்கினால் சுமார் 4 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். வேகமாகப் போனால் காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பிடித்துப் பிடித்து மெதுவாக இறங்கினால் பெரும்பங்கு பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் மிச்சமிருக்கிற சூடு அது. ரப்பர் கட்டையும் மெல்லிய ரிம்மும் வைத்திருக்கிற சைக்கிளில் இந்தச் சூட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கலாம்.

அதைவிட முக்கியம், நிற்கிற தூரம். சரளைக் கல் மண்ணில் டயரின் பிடிமானத்தை 0.35 என்று எடுத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நிற்க நாலரை மீட்டர் போதும். 20 சதவீதச் சரிவில் அதே வேகத்துக்கு பத்தரை மீட்டர் ஆகும். 30 சதவீதச் சரிவில் 30 மீட்டருக்கும் மேல். 35 சதவீதத்தில்? நிற்கவே நிற்காது! பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். இதெல்லாம் பிரேக்கைத் தொட்ட பிறகு ஆகிற தூரம். "ஐயோ" என்று மூளை சொல்லிக் கை கேட்பதற்குள் ஒரு நொடி போனால், அதில் ஐந்தரை மீட்டர் தனியாகப் போய்விடும்.

இந்தச் சமன்பாட்டில் தில்லுக்கு ஓர் எழுத்துகூட ஒதுக்கவில்லை. சரிவுக்கு, வேகத்துக்கு, பிடிமானத்துக்கு எல்லாம் இடம் இருக்கிறது. தில்லு எங்கே?

சரி, எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வரலாம். அவையும் பழைய வாதங்கள்தான்.

"போன வாரம் இதே இடத்துல சமாளிச்சு இறங்கிட்டேன்." அந்தச் 'சமாளிச்சு' என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், ஒரு கால் தரையில் தேய்ந்து, கடைசி நேரத்தில் ஒரு புதர் தடுத்து நிறுத்தியதை எல்லாம் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. பரீட்சையில் குருட்டாம்போக்கில் டிக் அடித்த விடை சரியாக இருந்துவிட்டால் பாடம் தெரியும் என்று அர்த்தமா? அதே இடத்தில், அதே கோட்டில், மூன்று தடவை, மூன்றும் ஒரே மாதிரி இறங்கினால் அதைத் திறமை என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு தடவை தப்பிப் பிழைத்தது செய்தி மட்டுமே.

"மலைக்காரப் பையன் ஓட்டை சைக்கிள்ல சர்ருனு இறங்குறானே!" இறங்கட்டும். அவன் அந்தப் பாதையில் நடக்கப் பழகிய நாளிலிருந்து நடக்கிறான். எந்தக் கல் ஆடும், எந்த வளைவில் மழைக்குப் பிறகு பள்ளம் விழும் என்று அவன் காலுக்குத் தெரியும். சூரப்புலி செய்யாமல் விட்ட அந்த 'நடந்து பார்க்கிற' வேலையை அவன் பல வருஷமாகச் செய்து முடித்திருக்கிறான். அவனைக் காட்டி வாதாடுகிறவர் தன் வாதத்தையே வெட்டிக்கொள்கிறார்.

"என் சைக்கிள் எம்.டி.பி.!" கம்பியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் எந்தச் சரிவையும் குறைத்துவிடாது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பு சைக்கிள்களைப் பயன்பாட்டை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகை சைக்கிளில் 15 சென்டிமீட்டருக்கு மேல் குதித்து இறங்கக் கூடாது. மூன்றாம் வகைக்கு 61 சென்டிமீட்டர் வரை. செங்குத்துப் போட்டிகளுக்கு ஐந்தாம் வகை. தடித்த டயரும் முன்னால் ஒரு ஸ்பிரிங்கும் இருப்பதாலேயே ஒரு சைக்கிள் மேல் வகைக்குப் போய்விடாது. கூட வருகிற கையேட்டில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அட்டைப்பெட்டியோடு அதையும் தூக்கிப் போட்டுவிட்டால் யார் என்ன செய்வது?

"வீடியோவுல பார்த்தேன், ஒண்ணுமே இல்ல." ஹெல்மெட் கேமராவின் அகலக்கோண லென்ஸ் செங்குத்தைத் தட்டையாக்கிக் காட்டும். இது அந்தக் கேமராவை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த குறை. உயிரைக் கொடுத்து இறங்கி எடுத்த வீடியோ வீட்டில் போட்டுப் பார்த்தால் பார்க்கில் ஓட்டின மாதிரி இருக்கும். வீடியோவில் சாதாரணமாகத் தெரிகிற இடம் நேரில் பயங்கரமாக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது. அது மட்டும் மதிக்கத் தக்கது. "தயங்கினால்தான் விழுவோம். சில இடங்களில் கொஞ்சம் வேகம் வேண்டும்." உண்மை. சாண் உயரக் கல்லில் ஆமை வேகத்தில் முன்சக்கரம் முட்டினால் சைக்கிள் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். பயந்து முன் பிரேக்கைக் கவ்விப் பிடிக்கிறவரும் அப்படித்தான் பறப்பார். ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? வேகம் வேண்டும், நடுவில் நிறுத்தவும் முடியாது என்கிற இடத்தில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதில்தான் முடிகிறது. நாலு விரற்கடை உயரத்தில் பழகி, ஒரு சாணில் பழகி, அப்புறம் முழத்துக்கு வரலாம். தயக்கம் வந்தால் அது உடம்பு தருகிற ரிப்போர்ட். அதைக் கிண்டல் செய்து கிழித்துப் போடக் கூடாது.

இதுவரை சொன்னது விழுகிறவருடைய எலும்பைப் பற்றி மட்டும். ஆனால் பாதையில் அவர் மட்டுமா இருக்கிறார்? கல்வராயனின் ஒற்றையடிப் பாதைகள் அங்கே வாழ்கிற மலையாளி பழங்குடி மக்களின் தெருக்கள். விறகோடு ஒரு பாட்டி வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஆடு குறுக்கே வரும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை நின்றால் நிறுத்த முடியுமா என்பதும் 'திறமை' என்ற சொல்லுக்குள் அடக்கம். தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகிறவர், பந்தயம் கட்டுவது அடுத்தவருடைய உடம்பை வைத்து.

விழுந்த பிறகு என்ன? மலையில் பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது. 108-ஐக் கூப்பிடவே சிக்னல் இருக்கிற இடத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். சாலை இல்லாத மலைக் கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இன்றும் செய்தியாக வருகிறது. 2022 ஜனவரியில் திறந்துவைத்த அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியில், கீழே இருக்கிறது. அதை எட்ட மலைப்பாதை முழுவதையும் இறங்க வேண்டும், இடுப்பெலும்பு உடைந்த நிலையில். தன் பிள்ளைக்கு ஒன்று என்றாலே டோலி கட்டுகிற மக்கள், சூரப்புலிக்கும் அன்றைய வேலையை விட்டுவிட்டு டோலி கட்டுவார்கள். அவருடைய தில்லை நாலு பேர் தோளில் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் வெறும் கீறலோடு முடிகிற பாதையும், பக்கத்தில் இருபதடிப் பள்ளம் இருக்கிற பாதையும் ஒன்றாகாது. எவ்வளவு கடினம் என்பது ஒரு கேள்வி. தவறினால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாக மார்க் போட வேண்டும்.

அப்படியென்றால் ஒருவர் தன்னை எப்படிச் சோதித்துக்கொள்வது? மலைக்குப் போகும் முன்பே ஊர் மைதானத்தில் செய்யலாம்.

முதலாவது, மண் தரையில் சுண்ணாம்பில் ஒரு கோடு. 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடித்து, பின்சக்கரம் இழுக்காமல் ஐந்து மீட்டருக்குள் நிற்க வேண்டும். பத்துக்கு ஒன்பது தடவை. இரண்டாவது, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கோடுகள், பத்து மீட்டர் நீளம். நடக்கிற வேகத்தில், கால் ஊன்றாமல், கோட்டைத் தொடாமல் போக வேண்டும். வேகத்தில் மறைந்துபோகிற தடுமாற்றம் எல்லாம் மெதுவாக ஓட்டும்போது வெளியே வந்துவிடும். மூன்றாவது, ஏரிக்கரை மாதிரி ஒரு சின்ன மண் சரிவு. பாதியில் நிறுத்தி, இறங்கி, மறுபடி ஏறிக் கிளம்ப வேண்டும். நான்காவது, இவை மூன்றையும் மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டிக் களைத்த பிறகு செய்ய வேண்டும். காரணம், கல்வராயனில் இறக்கம் வருவது ஏற்றத்துக்குப் பிறகு. காலையில் இருந்த கைப்பிடி மத்தியானம் இருக்காது.

மைதானத்தில் தேறியவர் மலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நடந்து பார்ப்பது. நடந்துவிட்டு மேலே வந்து நாலு கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும்? எங்கே விட வேண்டும்? நடுவில் எங்கே நிற்க முடியும்? தவறினால் எங்கே போய் விழ வேண்டிவரும்? நாலில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அன்றைக்கு அந்த இடத்தில் சைக்கிள் தோளில் வரட்டும். மழை பெய்த மறுநாள் பழைய பதில் செல்லாது. மறுபடி நடக்க வேண்டும்.

"இதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு" என்று உதட்டைச் சுழிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். உலகக் கோப்பை, உலக சாம்பியன்ஷிப் செங்குத்துப் போட்டிகளில் பந்தயத்துக்கு முன் வீரர்கள் பாதையை நடந்து பார்க்க நேரம் ஒதுக்குகிறார்கள். அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு தடவை பயிற்சியாக இறங்காதவரைப் பந்தயத்தில் விடக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் ஒன்றியமே விதி வைத்திருக்கிறது. உலகச் சாம்பியன் கல்லைக் கல்லாக நின்று பார்க்கிறார். கள்ளக்குறிச்சிச் சூரப்புலிக்குத்தான் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது :)

இந்த விளையாட்டின் தொடக்கமும் இதையேதான் சொல்கிறது. 1976-இல் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு மலைச் சரிவில் பந்தயம் வைத்தார்கள். சுமார் 1300 அடி இறக்கம். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அவர்களிடம் தில்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் 1977-இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அதற்கென்றே புது சைக்கிள் கட்ட உட்கார்ந்தார். புகைந்துபோன பிரேக்கைத் தில்லால் சரிசெய்ய முடியாது என்பது அந்தக் கூட்டத்துக்குப் புரிந்திருந்தது.

கடைசியாக, கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. அங்கேதான் கோளாறே இருக்கிறது. தனியாகப் போகிறவர் பயந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நாலு பேர் பார்க்கும்போதுதான் முடியாது. அந்த நாலு பேரில் புதிதாக வந்தவன், வயதில் சின்னவன், வாய் திறந்து "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாதவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். "தில்லு இருந்தா இறங்குடா" என்ற வாக்கியம் போய்ச் சேருவது அவனிடம்தான். விழுவதும் பெரும்பாலும் அவனாகத்தான் இருக்கும்.

அதற்கு மருந்து ஒன்று உண்டு, காசு செலவில்லை. கோஷ்டியில் யார் நன்றாக ஓட்டுவாரோ, யாரைப் பார்த்து மற்றவர்கள் ஓட்டுகிறார்களோ, அவர் சந்தேகமான இடத்தில் முதல் ஆளாக சைக்கிளை விட்டு இறங்கட்டும். "நடந்து பார்த்துட்டு வரலாம், வாங்கடா" என்று சொல்லட்டும். அவர் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள், கடைசியில் நிற்கிற அந்தச் சின்னப் பையனும் நிம்மதியாக இறங்குவான்.